ஒன்பதில் இறங்காத ஸ்க்ரூ: பீன்யா பேனல் பட்டறையில் ஒரு கைக்காயம்

பின்னணி

பெங்களூரு பீன்யாவில் மோட்டார் கன்ட்ரோல் பேனல் செய்யும் சிறு பட்டறை அது. அப்பார்ட்மென்ட் தண்ணீர் பம்புகளுக்கும் சின்னச் சின்ன ஆலைகளுக்கும் பேனல் செய்து அனுப்புகிறார்கள். ஆள் பதினாலு பேர். அசெம்பிளி மேசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக்காரர்கள் என்பதால் மேசைப் பேச்சு தமிழ்தான். பத்து வருடம் இந்த வேலையில் ஊறிய ஃபிட்டர் ஒருவர், அவருக்குக் கீழே இரண்டு ஹெல்பர்கள். காயம்பட்டவர் அந்த இருவரில் இளையவர். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

செய்துகொண்டிருந்த வேலை தினசரி வேலை. பேனல் பெட்டிக்குள் நிற்கும் மவுண்டிங் தட்டு 2 மி.மீ. இரும்புத் தகடு, ஆரஞ்சு நிறத்தில் பவுடர் கோட்டிங் (அடுப்பில் உருக்கி ஒட்டவைக்கும் தூள் பெயின்ட்) அடித்தது. அதில் எம்4 (4 மி.மீ. விட்டம்) மரை வெட்டிய ஓட்டைகள் நாற்பதுக்கு மேல் இருக்கும். சுவிட்ச்சுகள் மாட்டும் 35 மி.மீ. டின் ரெயிலையும் வயர்கள் ஓடும் பி.வி.சி. கேபிள் டக்டையும் எம்4 பான் ஹெட் ஸ்க்ரூ போட்டு அந்த ஓட்டைகளில் இறுக்க வேண்டும். எம்4 மரைக்குச் சுற்றுக்கு 0.7 மி.மீ. இறக்கம். ஆகவே 2 மி.மீ. தகட்டில் ஸ்க்ரூ பிடிப்பது மூன்று சுற்றுகூட இல்லை. கொஞ்சம் கூடுதலாக முறுக்கினாலும் மரை போய்விடும். இந்தப் பட்டறையில் 4.8 தர ஸ்க்ரூவுக்கு 1.2 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு அளவு) என்று வைத்திருந்தார்கள்.

மெஷின் 12 வோல்ட் கார்ட்லெஸ் டிரில் டிரைவர். இரண்டு கியர்: ஒன்றாம் கியரில் நிமிடத்துக்குச் சுமார் 400 சுற்று, இரண்டாம் கியரில் 1,300. பிட்டை (ஸ்க்ரூவைத் திருப்பும் முனை) பிடிக்கும் சக்குக்குப் பின்னால் கிளட்ச் வளையம். 1 முதல் 20 வரை எண், கடைசியில் டிரில் படம் போட்ட குறி.

அந்த வளையம் செய்யும் வேலையைப் புரிந்துகொண்டால்தான் மற்றது விளங்கும். வளையத்தைத் திருப்பும்போது உள்ளே ஒரு ஸ்பிரிங் அழுந்துகிறது. அந்த ஸ்பிரிங், சிறு குண்டுகளைக் கியர் பல்வட்டத்தின் மேடுகளுக்கு எதிராக அழுத்திப் பிடித்திருக்கும். ஸ்க்ரூ இறுகி, எதிர்ப்பு ஸ்பிரிங்கின் பலத்தை மிஞ்சியதும் குண்டுகள் மேட்டைத் தாண்டிக் குதிக்கும். கடகடவென்று சத்தம் வரும். பிட்டுக்கு அதற்கு மேல் முறுக்கு போகாது. எண் கூடக் கூட ஸ்பிரிங் இறுக்கம் கூடும். டிரில் குறியில் வைத்தால் குதிப்பு என்பதே இல்லை; மோட்டாரின் முழு பலமும் பிட்டுக்குப் போய்விடும். இந்த ரக மெஷினில் அது ஏறத்தாழ 30 நியூட்டன் மீட்டர். ஸ்க்ரூ கேட்பது 1.2.

ஒன்றாம் கியர், ஒன்பதாம் எண். இந்த வேலைக்கு ஃபிட்டர் வைத்திருந்த செட்டிங் இதுதான். எங்கும் எழுதி வைக்கவில்லை. வாய்ச்சொல்.

அன்று நடந்தது

ஒரு செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. காலையில் அதே மெஷினில் ஹோல் சா (வட்ட ஓட்டை போடும் ரம்பம்) மாட்டி, கேபிள் நுழையும் கிளாண்ட் பிளேட்டில் ஓட்டை போட்டிருந்தார்கள். மதியம் ஹோல் சாவைக் கழற்றி பிட் மாட்டினார் ஹெல்பர். வளையத்தை 9-க்குக் கொண்டுவந்தார். கியர் பட்டனைக் கவனிக்கவில்லை. அது 2-லேயே இருந்தது.

முதல் தட்டிலேயே ஸ்க்ரூ பாதி இறங்கியதும் கிளட்ச் கடகடத்தது. தலை தட்டைத் தொடவில்லை. வளையத்தை 12-க்கு ஏற்றினார், இறங்கியது. அடுத்த தட்டில் 12 போதவில்லை, 16. நாலாவது தட்டு முடியும்போது 20-க்கு வந்திருந்தார். ஐந்தாவது தட்டில் 20-லும் ஸ்க்ரூ நின்றது. டிரில் குறிக்குத் திருப்பினார்.

தட்டு மேசைமேல் இரண்டு மரக்கட்டைகளின் மேல் கிடந்தது, கிளாம்ப் எதுவும் இல்லை. கேபிள் டக்ட் நகராமல் இருக்க இடது கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும், ஸ்க்ரூவிலிருந்து இரண்டு விரற்கடை தூரத்தில், அதை அமுக்கிப் பிடித்திருந்தார். ஸ்க்ரூ இறங்காததால் தோளைக் கொடுத்து மெஷின்மேல் சாய்ந்தார். டிரிகர் முழுதாக அழுந்தியிருந்தது. பிட் ஸ்க்ரூ தலையிலிருந்து எகிறி, டக்ட் விளிம்பில் வழுக்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையில் இறங்கியது. சுற்றிக்கொண்டிருந்த பிட் கையுறையின் பின்னல் நூலையும் சேர்த்துச் சுருட்டியது.

முதல் அரை மணி நேரம்

ஹெல்பர் டிரிகரை விட்டுவிட்டார். மெஷினை வெடுக்கென்று பிடுங்கவில்லை. பக்கத்தில் இருந்த ஃபிட்டர் முதலில் பேட்டரியைக் கழற்றினார். பிறகு நூலைக் கத்தரியால் வெட்டி, பிட்டை வந்த வழியே நேராக எடுத்தார். பேட்டரி மாட்டியிருக்கும்போதே மெஷினைக் கையில் எடுத்து விடுவிக்கப் பார்த்திருந்தால் விரல் தெரியாமல் டிரிகரில் பட்டிருக்கலாம். இந்த வரிசையை அவர் சரியாகச் செய்தார்.

பிட் இங்கே மெல்லியது, ஆழமும் குறைவு, நுனி வெளியே தெரிந்தது. அதனால் எடுத்தது சரியாகப் போயிற்று. ஆழமாகக் குத்தி நிற்கும் பொருளை அங்கேயே உருவக் கூடாது. சக்கிலிருந்து பிட்டை மட்டும் விடுவித்து, பிட் அசையாமல் சுற்றிலும் துணி வைத்துக் கட்டி, அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

குழாய்த் தண்ணீரில் சில நிமிடம் கழுவினார்கள். சுத்தமான துணியை மடித்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு அருகில் இருந்த மருத்துவமனைக்குப் போனார்கள். மருத்துவர் விரல் நுனிகளில் தொட்டு உணர்ச்சி பார்த்தார், ஒவ்வொரு விரலாக மடக்கச் சொன்னார், உலோகத் துணுக்கு தங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்தார். நரம்பும் தசைநாரும் தப்பியிருந்தன. காயத்தைச் சுத்தம் செய்து நூல் துணுக்குகளை எடுத்தார், டிடி ஊசி போட்டார், மாத்திரை எழுதினார். குத்துக்காயம் என்பதால் தையல் போட்டு மூடாமல் கட்டு மட்டும் போட்டார். ஒன்பது நாள் ஓய்வு.

பட்டறையில் சூப்பர்வைசர் ஒரு நல்ல காரியம் செய்தார். மெஷினை யாரும் தொடாமல் ஒரு ட்ரேயில் எடுத்து வைத்து, வளையம், கியர் பட்டன், பிட் மூன்றையும் போனில் படம் எடுத்தார். ஐந்தாவது மவுண்டிங் தட்டையும் பாதி இறங்கிய ஸ்க்ரூவோடு அப்படியே ஓரமாக வைத்தார். இது நடக்காமல் போயிருந்தால் “பையன் கவனக்குறைவு” என்று ஒரே வரியில் முடிந்திருக்கும். விபத்துப் புத்தகத்தில் பதிவும் இ.எஸ்.ஐ.க்கு அறிக்கையும் அன்று மாலையே போயின.

மெஷினில் கண்டது

மறுநாள் காலை ஃபிட்டர், சூப்பர்வைசர், மூத்த ஹெல்பர் மூவரும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

வளையம் டிரில் குறியில், கியர் 2-ல். இரண்டும் ஓட்டை போடுவதற்கான நிலைகள். கியர் 2-ன் கேடு பலருக்குப் புரிவதில்லை. அதில் முறுக்கு பலம் குறைவு, வேகம்தான் அதிகம். அதனால் ஸ்க்ரூவுக்குப் பாதகமில்லை என்று நினைக்கிறார்கள். ஸ்க்ரூ தலை உட்காரும் கணத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டாரும் கியரும் சக்கும் உடனே நிற்காது. சுற்று வேகத்தின் உந்துதல் ஸ்க்ரூவில் ஒரு அடியாக இறங்கும். கிளட்ச் குதிப்பதற்குள் அந்த அடி விழுந்துவிடும். பக்கத்துப் பட்டறையில் டார்க் ஸ்க்ரூடிரைவர் ஒன்றை இரவல் வாங்கி, மரை சுத்தமாக இருந்த பழைய தட்டு ஒன்றில் சோதித்தார்கள். ஒன்பதாம் எண்ணில் ஒன்றாம் கியர் 1.2-ஐ ஒட்டியே விட்டது. அதே எண்ணில் இரண்டாம் கியர் ஒருமுறை 1.5, ஒருமுறை 2-க்கு மேல் என்று தாறுமாறாகப் போனது.

பிட், பி.எச்.2 (பிலிப்ஸ் வகை, 2-ஆம் அளவு). எம்4 பான் ஹெட்டுக்குச் சரியான அளவுதான். ஆனால் அதன் நாலு இறக்கையின் ஓரமும் மழுங்கிப் பளபளத்தன. விரல் நகத்தை ஓரத்தில் வைத்து இழுத்தால் பிடிக்கவில்லை, வழுக்கியது. பிலிப்ஸ் வகைத் தலையின் பள்ளச் சுவர்கள் உள்நோக்கிச் சரிந்தவை. முறுக்கு கூடக் கூட அந்தச் சரிவு பிட்டை வெளியே தள்ளும். புது பிட்டாக இருந்தால் ஓரளவு அழுத்தத்தில் தாங்கும், மழுங்கியது தாங்காது. தாங்கவில்லை என்று ஆள் இன்னும் சாய்வார். எகிறும் நேரத்தில் அந்தச் சாய்ந்த பாரம் முழுவதும் பிட் நுனிக்குப் பின்னால் இருக்கும். பிட் சதைக்குள் இறங்கியதற்குக் காரணம் மோட்டாரைவிட இந்தச் சாய்வுதான்.

பிட் டப்பாவைக் கொட்டிப் பார்த்தபோது பி.எச்.2-வோடு பி.இசட்.2 (போசிட்ரிவ் வகை) பிட்டுகளும் கலந்திருந்தன. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். போசிட்ரிவ் பிட்டின் நாலு இறக்கைகளுக்கு இடையே சிறு வரம்புகள் நாலு இருக்கும். ஸ்க்ரூ தலையிலும் கூட்டல் குறிக்குக் குறுக்காக மெல்லிய நாலு கோடுகள் இருக்கும். அந்தக் கோடு இல்லாத தலையில் பி.இசட். பிட்டைப் போட்டால் அடிவரை இறங்காமல் மேலேயே நிற்கும். இந்த விபத்தில் அது நேரவில்லை. ஆனால் அந்த டப்பாவை வைத்துக்கொண்டு என்றைக்கும் நேர்ந்திருக்கலாம்.

தட்டில் கண்டது

முதல் நாள் பேச்சு முழுக்க மெஷினையும் பையனையும் சுற்றித்தான் இருந்தது. உரிமையாளர் “சின்ன மெஷினா இருக்கு, இம்பாக்ட் டிரைவர் வாங்கிடலாம்” என்று சொல்லியும்விட்டார். திசை மாறியது மூத்த ஹெல்பர் ஒரு புது ஸ்க்ரூவை எடுத்து, ஐந்தாவது தட்டின் காலி ஓட்டையில் விரலால் திருகிப் பார்த்தபோது. ஒரு சுற்றுகூட இறங்கவில்லை. கழற்றிப் பார்த்தால் ஸ்க்ரூவின் மரைப் பள்ளத்தில் ஆரஞ்சுத் தூள் ஒட்டியிருந்தது.

வழக்கமாகத் தட்டுக்கு வெறும் ஓட்டை மட்டும் போட்டுக் கோட்டிங்குக்கு அனுப்புவார்கள். திரும்பி வந்ததும் மரை வெட்டுவார்கள். இந்த முறை ஆர்டர் அவசரம். கோட்டிங் போடுமிடத்தில் மூன்று நாள் வரிசை. இடையில் சும்மா இருக்கும் நேரத்தில் மரை வெட்டும் வேலையை முடித்துவிடலாமே என்று, மரை வெட்டிய பிறகு தட்டுகளை அனுப்பினார்கள். மரையை அடைத்து அனுப்ப வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கோட்டிங் மரைக்குள்ளும் ஏறி, அடுப்பில் உருகிக் கெட்டியாகிவிட்டது.

இது எவ்வளவு பெரிய தடை என்பதைக் கணக்குப் போட்டால் தெரியும். பவுடர் கோட்டிங் பொதுவாக 60 முதல் 80 மைக்ரான் கனம். 60 டிகிரி மரையில், பக்கச் சரிவில் ஏறும் கனத்தைப்போல் நாலு மடங்கு மரையின் விட்டம் சுருங்கும். 60 மைக்ரான் முழுதாக ஏறினால் கிட்டத்தட்ட கால் மி.மீ. சுருக்கம். சாதாரண எம்4 ஸ்க்ரூவுக்கும் மரைக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளி, மிகத் தளர்ந்த ஜோடியில்கூட அந்தக் கால் மி.மீ.யை எட்டாது. இறுக்கமான ஜோடியில் 0.02 மி.மீ.தான். ஓட்டையின் உட்பக்கம் பவுடர் ஒரே சீராக ஏறுவதில்லை. அதனால்தான் சில ஓட்டையில் 12-ல் இறங்கியது, சிலதில் 20-லும் நின்றது.

கிளட்ச் ஒவ்வொரு தடவையும் கடகடத்தது சரியான காரணத்துக்காகத்தான். தட்டில் கோளாறு என்று நாலு தட்டாக அது சொல்லிக்கொண்டிருந்தது. கேட்ட பையனுக்கு மெஷினில் கோளாறு என்று கேட்டது. ஓய்வில் இருந்த ஹெல்பரை ஃபிட்டர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது நடந்த பேச்சு இது:

“ஏம்ப்பா, ஸ்க்ரூ இறங்கலைன்னா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நாலு தட்டுமே அப்படித்தாண்ணா இருந்துச்சு. பேட்டரி வீக்குன்னு நெனச்சேன். நீங்க பஸ்பார் வேலையில இருந்தீங்க, எதுக்குக் கூப்பிடறதுன்னு…”

ஒன்பது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒன்பதில் இறங்காவிட்டால் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. மூன்று மாத அனுபவக்காரர் வளையத்தைத்தான் திருப்புவார்.

எடுத்த முடிவுகள்

முதலில் அந்த லாட் முழுவதையும் நிறுத்தினார்கள். மிச்சத் தட்டுகளின் ஒவ்வொரு ஓட்டையிலும் எம்4 டேப்பை (மரை வெட்டும் கருவி) கை ரென்ச்சில் மாட்டி ஓட்டினார்கள். மெஷினில் மாட்டி ஓட்டலாம், வேகமாக முடியும் என்ற யோசனையை ஃபிட்டர் ஏற்கவில்லை. கெட்டியான பவுடரில் டேப் சற்றே கோணலாக நுழைந்தாலும் எம்4 டேப் முறிந்துவிடும். முறிந்த துண்டை எடுப்பது தட்டையே தூக்கிப் போடுவதற்குச் சமம். பிசிறை ஏர் கன்னால் ஊதாமல் வாக்குவம் வைத்து உறிஞ்சினார்கள். ஊதினால் கண்ணுக்குப் போகும். பக்கத்து மேசையில் திறந்திருக்கும் பேனலுக்குள்ளும் போகும். கான்டாக்டர் (மோட்டாரை இயக்கி நிறுத்தும் மின் சுவிட்ச்) முனைகளுக்கு நடுவே இரும்புத் துகள் விழுந்தால் ஷார்ட்.

இனிமேல் வரும் தட்டுகளுக்குப் பழைய வரிசையே: கோட்டிங் முதலில், மரை பிறகு. அவசரத்தில் வரிசையை மாற்ற வேண்டி வந்தால் ஓட்டைகளில் சூடு தாங்கும் சிலிக்கான் அடைப்பான் செருகித்தான் அனுப்ப வேண்டும். எர்த் ஸ்டட் (எர்த் வயர் மாட்டும் போல்ட்) உட்காரும் இடத்துக்கு எப்படியும் மறைப்பு வேண்டும். அங்கே பெயின்ட் இருந்தால் எர்த் தொடர்ச்சி கிடைக்காது.

இம்பாக்ட் டிரைவர் வேண்டாம் என்று முடிவானது. அதன் உள்ளே சுத்தியல் போன்ற ஒரு பாகம் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை அடித்து அடித்துச் சுற்றுகிறது. பலம் 100 நியூட்டன் மீட்டரைத் தாண்டும், பெரும்பாலான மாடல்களில் கிளட்ச் வளையம் கிடையாது. மரத்தில் நீள ஸ்க்ரூ இறக்க அருமையான மெஷின். 2 மி.மீ. தகட்டில் எம்4 ஸ்க்ரூவுக்கு அது வந்தால் மரை போகும் அல்லது தலை அறுந்து விழும். இந்த லாட்டில் அதைப் போட்டிருந்தால் பவுடரையும் மரையையும் சேர்த்து அரைத்துக்கொண்டு இறங்கியிருக்கும்; ஸ்க்ரூ இறுகிவிட்டது என்று எல்லோரும் நம்பியிருப்பார்கள். பிறகு பம்பு அதிர்வில் ரெயில் ஆடும்.

அதற்குப் பதிலாக இன்னொரு 12 வோல்ட் மெஷின் வாங்கினார்கள். ஓட்டை போடும் மெஷினுக்குச் சிவப்பு ஒட்டு டேப், ஸ்க்ரூ மெஷினுக்கு மஞ்சள் டேப். மஞ்சள் மெஷினில் கியர் பட்டன் 1-ல் இருக்க, அதன்மேல் குறுக்காக ஒரு டேப் ஒட்டியிருக்கும். செலவு கூடிய முடிவு இது ஒன்றுதான், உரிமையாளர் தயங்கினார். ஒரே மெஷின் காலையில் டிரில்லாகவும் மதியம் ஸ்க்ரூ டிரைவராகவும் மாறும்வரை ஒரு பட்டன் என்றைக்காவது மறந்துபோகும் என்று ஃபிட்டர் விட்டுக்கொடுக்கவில்லை.

செட்டிங் வைக்கும் முறையை எழுதி மேசைக்கு மேலே ஒட்டினார்கள்:

1. திசைப் பட்டனை நடு லாக்கில் வை, பேட்டரியைக் கழற்று. பிறகுதான் பிட் மாற்று. சக்கை இறுக்கியபின் பிட்டை இழுத்துப் பார். மூன்று தாடையும் பிடித்திருக்க வேண்டும். இரண்டு தாடைக்கு நடுவே சிக்கிய பிட் ஆடும்.
2. பிட்டை ஸ்க்ரூ தலையில் வைத்துக் கையால் இடவலமாக ஆட்டு. லொடலொடத்தால் பிட் அளவு தவறு அல்லது தேய்ந்தது.
3. இன்று வந்த லாட்டிலிருந்து ஒரு தட்டு, இன்றைய பாக்கெட்டிலிருந்து ஒரு ஸ்க்ரூ. இரண்டு சுற்று விரலால் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மெஷினைத் தொடாதே, ஃபிட்டரைக் கூப்பிடு.
4. ஒன்றாம் கியர். வளையம் 3-ல் ஆரம்பம். டிரிகரை மெல்ல அழுத்து. தலை உட்காருவதற்கு முன் கிளட்ச் குதித்தால் ஒரு எண் ஏற்று. தலை உட்கார்ந்து, அதன்பின் குதித்தால் நிறுத்து.
5. கிளட்ச் ஒருமுறை கடகடத்ததும் டிரிகரை விடு. அழுத்திக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு குதிப்பும் ஸ்க்ரூவை இன்னும் கொஞ்சம் இறுக்கும்.
6. டார்க் ஸ்க்ரூடிரைவரை இறுக்கும் திசையில் மெதுவாகத் திருப்பு. ஸ்க்ரூ அசையத் தொடங்கும் கணத்தில் அளவைப் பார். ஐந்து ஸ்க்ரூ பார்த்து, 1.2-ஐ ஒட்டி வந்தால் அந்த எண்ணைச் சாக்பீஸில் பலகையில் எழுது.
7. எழுதிய எண்ணுக்கு மேல் இரண்டு எண்வரை போகலாம். அதற்கும் இறங்காவிட்டால் 3-ஆவது வரிக்குப் போ.

வளையத்தில் இருக்கும் எண்கள் நியூட்டன் மீட்டர் கிடையாது என்பதை அடியில் சிவப்பில் எழுதினார்கள். ஒரு மெஷினின் 9 இன்னொரு மெஷினின் 6-ஆக இருக்கலாம். புது மெஷின் வந்த அன்றே அது தெரிந்தது: பழையதில் 9 கொடுத்த இறுக்கத்தைப் புதியது 7-லேயே கொடுத்தது.

எம்.சி.பி. (மின்னோட்டம் மிஞ்சினால் அணையும் சுவிட்ச்), கான்டாக்டர், வயர்களை இணைக்கும் டெர்மினல் பிளாக் ஆகியவற்றின் வயர் ஸ்க்ரூக்களுக்கு மெஷின் தடை. எம்.சி.பி.க்கு இறுக்க அளவு பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அல்லது கூட வரும் தாளில் இருக்கும். சாதாரணமாக 2 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். 2.5 சதுர மி.மீ. டெர்மினல் பிளாக் 0.5 அளவே தாங்கும். இவற்றைக் கை டார்க் டிரைவரால் மட்டும் இறுக்கி, பெயின்ட் பேனாவில் கோடு போட வேண்டும். தளர்ந்த வயர் சூடாகும், அதிகம் இறுக்கிய டெர்மினல் உள்ளே விரியும். இரண்டும் வாடிக்கையாளர் இடத்தில்தான் தெரியவரும்.

பிடிக்கும் விதம் முழுதும் மாறியது. மேசையில் நாலு டாகிள் கிளாம்ப் பொருத்தித் தட்டை அசையாமல் பூட்டினார்கள். கேபிள் டக்டை இரட்டைப் பக்க டேப்பால் முதலில் ஒட்டிக்கொண்டால் கை வைத்துப் பிடிக்கத் தேவையில்லை. ஸ்க்ரூவை விரலால் இரண்டு சுற்று ஏற்றியபின் இடது கை மெஷினின் பின்புறத்துக்குப் போக வேண்டும். வேறு எங்காவது வைக்க நேர்ந்தால் ஸ்க்ரூவிலிருந்து குறைந்தது ஒரு சாண் தள்ளி. மேசை உயரத்தையும் பார்த்தார்கள். அது குட்டையாக இருந்ததால்தான் ஆட்கள் மேலிருந்து சாய்ந்தார்கள். மேசைக் கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்தியதும் முழங்கை மடங்கிய நிலையில், பிட் ஸ்க்ரூவுக்கு நேர்கோட்டில் நிற்க முடிந்தது.

கையுறை பற்றித்தான் நீண்ட வாக்குவாதம். தகட்டு ஓரம் கிழிக்கும், கையுறை இல்லாமல் எப்படித் தட்டைத் தூக்குவது என்றார் மூத்த ஹெல்பர். நியாயமான கேள்வி. தட்டைத் தூக்கி கிளாம்பில் பூட்டும்வரை கையுறை, மெஷினை எடுக்கும்போது கழற்றுவது என்று முடிவானது. பின்னல் கையுறை சுற்றும் பிட்டில் மாட்டினால் நூல் அறுவதற்கு முன் விரலை இழுத்துவிடும். அன்று நூல் சுருண்டது சில சுற்றே. அதுவும் டிரிகரை உடனே விட்டதால். மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிற்றை அவிழ்க்கச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. அதன்மேல் இறுக்கமான ரிஸ்ட் பேண்ட் போட்டு மூடச் சொன்னார்கள். ஐ.டி. கார்டு நாடா சட்டைக்குள். பாதுகாப்புக் கண்ணாடி எப்போதும், மழுங்கிய பிட்டின் இறக்கை உடைந்தால் தெறிக்கும்.

பிறகு

முதல் வாரம் வேலை சுணங்கியது. விரலால் இரண்டு சுற்று என்பது நாற்பது ஓட்டைக்கு நாற்பது தடவை. தட்டுக்குப் பத்து நிமிடம்போல் கூடுதலாகப் பிடித்தது. ஆர்டர் ஒருநாள் தள்ளிப் போனது. அதே வாரம் மரை போன ஓட்டை ஒன்றுகூட வரவில்லை. அதற்குமுன் மரை போன ஓட்டையைப் பெரிதாக்கி எம்5 போடுவது தினமும் நடக்கும் வேலை. அதைத் தனி வேலையாக யாரும் கணக்கில் வைத்ததே இல்லை. மூன்றாம் வாரத்தில் பழைய வேகத்துக்கு வந்துவிட்டார்கள்.

எல்லாம் ஒட்டிக்கொள்ளவில்லை. மாலை நேரத்தில் மஞ்சள் மெஷினின் பேட்டரி தீர்ந்தபோது சிவப்பு மெஷினை எடுத்து ஸ்க்ரூ போட்டது இரண்டு முறை கண்ணில் பட்டது. திட்டிப் பயனில்லை என்று மஞ்சளுக்கு இரண்டாவது பேட்டரி வாங்கிக் கொடுத்தார்கள். அதோடு நின்றது.

இளைய ஹெல்பர் பத்தாம் நாள் திரும்பினார். முதல் இரண்டு வாரம் கட்டைவிரலை விரித்தால் இழுத்தது. அதுவரை அவருக்கு லேபிள் ஒட்டும் வேலையும் வயர் நம்பர் போடும் வேலையும். மெஷினை மறுபடி எடுத்தபோது அந்த ஏழு வரியையும் அவரே படித்து, அவரே செட் செய்து, பலகையில் எண் எழுதினார்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு காலை அவர் ஒரு ஸ்க்ரூவைக் கையில் எடுத்துக்கொண்டு ஃபிட்டரிடம் வந்தார். “அண்ணா, இது ரெண்டு சுத்து எறங்கலை. தட்டுல தூள் எதுவும் இல்லை.” ஸ்க்ரூவை வெளிச்சத்தில் பார்த்தார்கள். எம்4 பாக்கெட்டுக்குள் 8-ஆம் நம்பர் செல்ஃப் டேப்பிங் (தானே மரை வெட்டிக்கொள்ளும்) ஸ்க்ரூக்கள் சில கலந்திருந்தன. தலை ஒரே மாதிரி, விட்டம் 4.2 மி.மீ., மரை இடைவெளி அகலம். மெஷினில் விட்டிருந்தால் எம்4 மரையைப் பிய்த்துக்கொண்டு இறங்கியிருக்கும். அந்தப் பாக்கெட்டைக் கடைக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

இன்னொரு முறை என்றால்

ஐந்தாவது தட்டில் காயம் பட்டது. முதல் தட்டிலேயே வேலை நின்றிருக்க வேண்டும். கோட்டிங்கிலிருந்து லாட் வந்து இறங்கியதும் ஒரு தட்டில் ஐந்து ஓட்டையைப் புது ஸ்க்ரூ வைத்து விரலால் சோதித்திருந்தால், ஐந்து நிமிட வேலையில் விஷயம் வெளியே வந்திருக்கும். இப்போது அதைச் செய்கிறார்கள். செய்பவர் ஸ்டோர்காரர், அசெம்பிளி மேசைக்கு வருவதற்கு முன்பே.

மரை வெட்டும் வரிசையை மாற்றிய செய்தி கொள்முதல் பார்ப்பவருக்கும் சூப்பர்வைசருக்கும் மட்டும் தெரிந்திருந்தது. மேசைக்காரர்களுக்குச் சொல்லியிருந்தால், ஃபிட்டர் முதல் தட்டைத் தானே பார்த்திருப்பார். வரிசை மாறிய லாட்டுக்கு வேறு நிற அட்டை கட்டுவது என்று வைத்திருக்கிறார்கள்.

ஒட்டிய தாள் தமிழில் மட்டும் இருந்தது. மேசையில் ஒடிசாவிலிருந்து ஒருவரும் கன்னடக்காரர் ஒருவரும் சேர்ந்தபிறகுதான் அது உறைத்தது. கன்னடத்திலும் இந்தியிலும் எழுதி, பக்கத்தில் வளையத்தின் படத்தையும் பட்டனின் படத்தையும் வரைந்து ஒட்டினார்கள். முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

டார்க் ஸ்க்ரூடிரைவர் சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டார்கள். அதையும் வருடத்துக்கு ஒருமுறை அளவுச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்சத்துக்குத் திருப்பி வைக்காவிட்டால் அதன் ஸ்பிரிங் தளர்ந்து தப்பாகக் காட்டும். திருப்பி வைக்கும் பொறுப்பு இப்போது இளைய ஹெல்பருடையது. மாலையில் மேசையைத் துடைப்பதற்கு முன் அதைப் பெட்டியில் வைத்து, பலகையில் எழுதிய எண்ணை அழிக்கிறார்.